பயணக் குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி: வயதான பிறகு படித்தாலும் ஞாபகம் வருகிற மாதிரி எப்படி எழுதுவது?

ஜன்னலோரம்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 63. போன மாதம் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, 1991-இல் நாங்கள் இருவரும் போன மலை ரயில் பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. குகைக்குள் ரயில் நின்றுவிட்டது, பெட்டியில் விளக்கும் இல்லை, அந்த இருட்டில் அக்கா பாடினாள். இதை முப்பது வருடத்துக்கு மேலாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். அக்காவோ, "நான் எங்கடி பாடினேன்? பாடினது நீதானே" என்றாள். அவளுக்கு 70 ஆகிறது. அவளுக்குத்தான் மறதி வந்துவிட்டது என்று நானும், எனக்குத்தான் என்று அவளும் நினைத்தபடி போனை வைத்தோம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கிக் கிளறினேன். அடியில் நீள நோட்டு ஒன்று கிடைத்தது. அதில் என் கையெழுத்தில் இப்படி இருந்தது: "குகையில் 20 நிமிடம் நின்றது. அக்கா பாடினாள். அப்புறம் நான். எதிர் சீட்டுப் பையன் கைதட்டினான்."

இரண்டு பேருமே பாடியிருக்கிறோம். ஆளுக்குப் பாதியாக இத்தனை வருடம் வைத்திருந்திருக்கிறோம். அந்தப் பையனை இருவருமே சுத்தமாக மறந்துவிட்டோம். ஆனால் அந்த வரியைப் படித்தவுடன் அவனுடைய சட்டை எனக்குக் கண்முன் வந்தது. பித்தான்களை ஓட்டை மாற்றிப் போட்டிருந்தான், ஒரு பக்கம் காலர் ஏறியிருந்தது. இது நோட்டில் இல்லை.

அந்த நோட்டுக்குப் பிறகு நான் ஒழுங்காக எழுதவே இல்லை. முதலில் கேமரா வந்தது, அப்புறம் போன். கடைசி ஐந்தாறு பயணங்களின் படங்களே நாலாயிரத்துக்கு மேல் இருக்கும். நேற்று ஒரு படத்தைப் பார்த்தேன். நீலக் கதவு, பக்கத்தில் ஒரு சைக்கிள். எந்த ஊர், எதற்காக எடுத்தேன், யார் கூட இருந்தார்கள், எதுவும் தெரியவில்லை. அந்தக் கதவின் முன் நின்று ஏதோ ஒன்றில் மனம் தொட்டுத்தானே போனை எடுத்திருப்பேன்? அது என்ன என்பது போய்விட்டது.

மறுபடி எழுத ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். சில விஷயங்களில் உங்கள் அனுபவம் வேண்டும். எதை எழுதினால் பத்து, பதினைந்து வருடம் கழித்தும் அந்த இடம் திரும்பி வரும்? நாள் முழுக்க நடந்துவிட்டு ராத்திரி படுக்கையில் விழும்போது பேனா பிடிக்க உடம்பு ஒத்துழைப்பதில்லை, கட்டைவிரல் மூட்டும் வலிக்கிறது, அதற்கு என்ன செய்கிறீர்கள்? எழுதாமல் விட்டுப்போன பயணங்களை இப்போது நினைவிலிருந்து எழுதலாமா, அல்லது அது பொய்க் கணக்கு எழுதுவது போல ஆகுமா?


அளவுச்சங்கிலி:

அம்மா, வணக்கம். நான் 34 வருடம் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பயணக் குறிப்பு எழுதுவதை எனக்குக் கற்றுக்கொடுத்ததே எங்கள் ஃபீல்டு புக்தான், அதாவது நிலத்தை அளக்கும்போது அளவுகளைக் குறித்துவைக்கும் நோட்டு. ஓய்வுக்குப் பிறகு மட்டும் 27 நோட்டு எழுதியிருக்கிறேன்.

ஃபீல்டு புக்கில் மூன்று கட்டுப்பாடு உண்டு. பார்த்த இடத்திலேயே எழுத வேண்டும், ஆபீசுக்கு வந்து நினைவிலிருந்து எழுதக் கூடாது. தப்பானால் ரப்பரால் அழிக்கக் கூடாது, ஒரே கோடு போட்டு அடித்துவிட்டு மேலே சரியானதை எழுத வேண்டும். எழுதியது பென்சிலில் இருக்க வேண்டும், அதுவும் கெட்டியான 3எச் அல்லது 4எச். மழையில் நனைந்தாலும் பென்சில் எழுத்து கரையாது. பேனா மை என்றால் பக்கமே போய்விடும்.

இதை அப்படியே பயணத்துக்குக் கொண்டுவந்தேன். சட்டைப் பையில் உள்ளங்கை அளவு நோட்டு, நூலில் கட்டிய பென்சில். நடக்கும்போது வாக்கியம் எழுதுவதில்லை, சொற்கள் மட்டும். "மூன்றாவது படி ஆடியது." "கிழவர், ஒரு காதில் மட்டும் கடுக்கன்." "கலங்கரை விளக்கத்துக்குள் எதிரொலி, இருமியவர் வெட்கப்பட்டார்." பகலில் இப்படி ஏழெட்டுத் துணுக்கு இருந்தால் போதும். விடிந்ததும், கிளம்புவதற்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து பெரிய நோட்டில் விரித்து எழுதுவேன். ராத்திரி எழுத முயன்று தூங்கிப்போன நாட்கள் பல இருப்பதால்தான் காலைக்கு மாற்றினேன். நீங்களும் ராத்திரியை விட்டுவிடுங்கள். டார்வின் 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் போனபோதும் இப்படித்தான் செய்தார். கரையில் நடக்கும்போது பையில் கொள்கிற சின்ன நோட்டில் கிறுக்கிக்கொள்வார், பிறகு நாட்குறிப்பில் விரித்து எழுதுவார்.

இனி நீங்கள் கேட்ட பொய்க் கணக்கு விஷயம். இதுதான் முக்கியம், நிதானமாகச் சொல்கிறேன். என் பெரிய நோட்டில் வலது பக்கத்தில் மட்டும்தான் எழுதுவேன். இடது பக்கம் காலி. பிறகு எப்போதாவது அந்த நாளைப் பற்றி வேறு ஏதாவது ஞாபகம் வந்தால், அல்லது கூட வந்தவர் ஏதாவது சொன்னால், அதை இடது பக்கத்தில், எழுதும் நாளின் தேதியோடு எழுதுவேன். வலது பக்கம் அன்று கண்டது. இடது பக்கம் பின்னால் வந்தது. இரண்டும் கலக்கக் கூடாது. கலக்காத வரை எதை எழுதினாலும் அது பொய்க் கணக்கு ஆகாது. உங்கள் பையனின் சட்டை இடது பக்கத்துக்குப் போக வேண்டியது.

விட்டுப்போன பயணங்களையும் தாராளமாக எழுதுங்கள். தலைப்பில் "நினைவிலிருந்து" என்று போட்டு, எழுதிய தேதியைப் போட்டுவிடுங்கள்.


கரும்பலகை:

அளவுச்சங்கிலி ஐயா சொன்ன இடது பக்கம் அருமையான ஏற்பாடு. நான் கல்லூரியில் உளவியல் நடத்துகிறேன். இந்தச் செமஸ்டர் நினைவைப் பற்றிய பாடம்தான் ஓடுகிறது, அதனால் கேள்வியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எதை எழுதினால் திரும்பி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள், அக்கா. நெதர்லாந்தைச் சேர்ந்த வாகனார் என்ற உளவியலாளர் இந்தக் கேள்விக்குத் தன்னையே சோதனைப் பொருளாக்கினார். ஆறு வருடம் தன் அன்றாட நிகழ்ச்சிகளை என்ன, யார், எங்கே, எப்போது என்று நான்காகப் பிரித்து எழுதிவைத்தார். பிறகு அவற்றில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மீதி நினைவுக்கு வருகிறதா என்று சோதித்தார். 1986-இல் முடிவை வெளியிட்டார். "என்ன நடந்தது" என்பதுதான் அதிகம் கைகொடுத்தது. யார், எங்கே என்பவையும் உதவின. "எப்போது" என்பதை மட்டும் பார்த்தால் அநேகமாக ஒன்றுமே வரவில்லை. நம்மில் பலர் டைரியில் முதலில் எழுதுவதும், சில நாள் அதை மட்டுமே எழுதுவதும் தேதியும் நேரமும்தான். தேதி வேண்டும், ஆனால் தேதி ஒரு நாளைத் திறந்துவிடாது. உங்கள் 1991 நோட்டில் இருந்த வரிகளைப் பாருங்கள். பாடியது, அக்கா, குகை. மூன்றும் இருக்கின்றன. அதனால்தான் வேலை செய்திருக்கிறது.

நீலக் கதவுக்கும் ஒரு விளக்கம் உண்டு. 2014-இல் வெளியான ஓர் ஆய்வில் லிண்டா ஹெங்கல் என்ற ஆய்வாளர் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய், சில பொருட்களைப் படம் எடுக்கவும் சிலவற்றைப் பார்க்க மட்டும் செய்யவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது, படம் எடுத்த பொருட்களைப் பற்றிக் குறைவாகவே நினைவிருந்தது. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் கையை விட்டுவிடுகிறது. ஆனால் பொருளின் ஏதாவது ஒரு பகுதியைக் கிட்டே இழுத்து எடுத்தவர்களுக்கு இந்தக் குறை வரவில்லை. அதனால் என் மாணவர்களிடம் நான் சொல்வது, படம் எடுங்கள், எடுத்த பிறகு போனை இறக்கிவிட்டு அந்தக் காட்சியில் ஒரே ஒரு மூலையைப் பாருங்கள், கதவு என்றால் அதன் தாழ்ப்பாளை. அதை நோட்டில் எழுதுங்கள்.

வாசனையை எழுத மறக்காதீர்கள். மூக்கிலிருந்து போகும் செய்தி, மற்றப் புலன்களைப் போல் தலாமஸ் என்ற மூளையின் இடைநிலைப் பகுதி வழியாகச் சுற்றாமல், உணர்ச்சியோடும் நினைவோடும் தொடர்புள்ள மூளைப் பகுதிகளுக்கு நேரடியாகப் போகிறது. ஈரக் கம்பளி, டீசல், புதுச் சுண்ணாம்பு என்று ஒரு சொல் இருந்தால் போதும்.

ஒன்று கேட்கலாமா, தவறாக நினைக்க வேண்டாம். குகையில் விளக்கே இல்லை என்கிறீர்கள். பையன் கைதட்டியது காதில் விழுந்திருக்கும். சட்டையை எப்போது பார்த்தீர்கள்? குகைக்கு முன்னால் பார்த்திருக்கலாம், அது நிஜமான ஞாபகமாகவே இருக்கலாம். வரியைப் படித்ததும் மனம் வேறு ஏதோ ஒரு பையனின் சட்டையை அவனுக்குப் போட்டுவிட்டிருக்கவும் இடம் உண்டு. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் நாம் நினைவை எடுத்துப் பார்ப்பதில்லை, மறுபடி கட்டுகிறோம். அது மறதி நோய் இல்லை. இருபது வயதுக்காரர்களுக்கும் அப்படித்தான்.


பழங்கோப்பு:

நல்ல இழை. எழுதுவதைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எழுதியது உயிரோடு இருப்பதைப் பற்றி நான் சொல்கிறேன். ஆவணங்களை ஸ்கேன் செய்து பாதுகாப்பது என் வேலை.

டிக்கெட்டுகளை நோட்டில் ஒட்டுபவர்கள் கவனியுங்கள். இப்போது வரும் டிக்கெட், ரசீது பலவும் வெப்பத்தாளில் அச்சாகின்றன. அவற்றில் மையே கிடையாது, தாளின் மேல் பூசிய ரசாயனம் சூட்டில் கறுக்கிறது. வெளிச்சம், வெப்பம், சில வகைப் பசை, பிளாஸ்டிக் உறை எது பட்டாலும் எழுத்து மங்கி வெறும் தாள் மிஞ்சும். அன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள், அதில் இருப்பதைக் கையால் நோட்டிலும் எழுதிவிடுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம். சில வருடத்தில் மஞ்சளாகி, பசை தாளுக்குள் இறங்கிவிடும். எடுக்கப் போனால் எழுத்தும் கூடவே வரும். நோட்டு வாங்கும்போது அமிலமற்ற தாள் என்று பார்த்து வாங்கினால் பழுப்பேறி நொறுங்குவது குறையும். பேனாதான் பிடிக்கும் என்றால் நிறமி மை உள்ளதை எடுங்கள். சாய மை நீரிலும் வெயிலிலும் ஓடிவிடும். பென்சில் பற்றி ஐயா சொன்னது முழுக்கச் சரி.

அடுத்தது கணினியில் எழுதுபவர்களுக்கு. 2002-இல் நான் போன ஒரு நீண்ட பயணத்தின் குறிப்பு முழுவதையும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். பத்து வருடம் கழித்து வேறு கணினியில் திறந்தால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குவியல். நெஞ்சு அடைத்துவிட்டது. பிறகு எழுத்துருவை மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றைப் பிடித்து, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்குக் கொண்டுவந்தேன், எல்லாம் திரும்பிவிட்டது. பாமினி, டிஸ்கி, டாப் என்று அந்தக் காலத்தில் தட்டச்சு செய்தது உங்களிடம் இருந்தால் இன்றே மாற்றிவையுங்கள். மாற்றியதைச் சாதாரண உரைக்கோப்பாகவும் ஒன்று வையுங்கள். செயலிகள் போகும் வரும், உரைக்கோப்பை எதில் வேண்டுமானாலும் திறக்கலாம்.

கட்டைவிரல் வலி என்றீர்களே அம்மா, பேசிப் பதிவு செய்யலாம். போனில் தமிழில் பேசினால் எழுத்தாகவும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் குரல் பதிவையும் அழிக்காமல் வையுங்கள். ஆரம்பத்திலேயே தேதி, இடம், கூட இருப்பவர்கள் என்று வாயால் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் நாலாயிரம் படத்தின் கதைதான் இதற்கும். பின்னால் கேட்கும் மழைச் சத்தமும் மணியும் இலவசமாகச் சேரும்.


இளையமகள்:

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது அபூர்வம். இதைச் சொல்லிவிட வேண்டும் போல இருக்கிறது.

அப்பாவுக்கு 81. மறதி நோய் என்று டாக்டர் சொல்லி நான்கு வருடம் ஆகிறது. அவர் வேலை நிமித்தமாக நிறையச் சுற்றியவர். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு சின்ன டைரி உண்டு, மொத்தம் 19. சாயங்காலம் அவருக்கு ஒரு தவிப்பு வரும், எழுந்து எழுந்து வாசலுக்குப் போவார். அந்த நேரத்தில் ஒரு டைரியை எடுத்துப் படித்துக்காட்டுகிறேன்.

பெரும்பாலான பக்கங்களில் வண்டி எண், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம். அதைப் படித்தால் அப்பாவின் முகத்தில் ஒன்றும் அசையாது. கரும்பலகை சொன்ன "எப்போது" இதுதான் போலிருக்கிறது. ஒரு பக்கத்தில் மட்டும், "மேல் பெர்த்தில் ஒரு பெரியவர். இரவு முழுக்க வயலின் பெட்டியைக் கட்டிப்பிடித்துத் தூங்கினார்" என்று எழுதியிருக்கிறார். முதல் முறை அதைப் படித்தபோது அப்பா இரண்டு கையையும் மெதுவாகத் தூக்கி, மார்போடு சேர்த்து, இல்லாத ஒரு பெட்டியை அணைத்துக்கொண்டார். தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கண்ணையும் மூடிக்கொண்டார். பிறகு, "விழுந்துடும்னு பயம் அவருக்கு" என்றார். அன்றைக்கு என் பெயர்கூட அவருக்கு வரவில்லை.

அந்த வரியை இதுவரை ஐம்பது தடவையாவது படித்திருப்பேன். எல்லா நாளும் வேலை செய்வதில்லை. செய்கிற நாளில் அரை மணி நேரம் அமைதியாக இருக்கிறார்.

ஒன்று கற்றுக்கொண்டேன். "ஞாபகம் இருக்கா அப்பா?" என்று கேட்கக் கூடாது. கேட்டால் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி கலங்கிப்போகிறார். படித்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும், வந்தால் வரும். நோய்க்கு இது மருந்து என்று நான் சொல்லவில்லை, டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அம்மா, நீங்கள் எழுதும்போது மனிதர்களை எழுதுங்கள். அவர்கள் கையை எப்படி வைத்திருந்தார்கள் என்று எழுதுங்கள். அப்பாவின் 19 டைரியில் அப்படி மொத்தம் பதினொரு வரிதான் இருக்கிறது. எண்ணி வைத்திருக்கிறேன்.


ஜன்னலோரம்:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நடுவில் நான்கு நாள் பயணம் போய்வந்தேன். உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. இளையமகள், உங்கள் பதிவை அக்காவுக்குப் படித்துக்காட்டினேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

கரும்பலகை, சட்டையைப் பற்றி நீங்கள் கேட்டது முதலில் மனதைச் சுட்டது. கையில் கிடைத்ததைப் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன், எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அதனால் அளவுச்சங்கிலி ஐயா சொன்னபடியே செய்தேன். 1991 நோட்டில் எதிர்ப்பக்கம் காலியாகத்தான் இருந்தது. இன்றைய தேதி போட்டு, "சட்டைப் பித்தான் மாறியிருந்தது. படித்தபின் தோன்றியது, உறுதியில்லை" என்று பென்சிலில் எழுதினேன். எழுதிய பிறகு மனம் லேசாகிவிட்டது.

இந்த முறை பயணத்தில் படம் குறைவு, 60 தாண்டவில்லை. ராத்திரி எழுதவே இல்லை. காலையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எழுதினேன். ஒரு நாளின் குறிப்பை அப்படியே தருகிறேன், குறை இருந்தால் சொல்லுங்கள்:

"ஏரிக்கரை. படகுக்காரர் துடுப்பைப் போடும் முன் தண்ணீரில் விரல் நனைத்து நெற்றியில் வைத்தார். கேட்டேன், பதில் இல்லை, சிரித்தார். படகுக்குள் தார் வாசனை. நடு ஏரியில் துடுப்பை நிறுத்தினார். சொட்டு விழும் சத்தம் மட்டும். என் பக்கத்தில் இருந்த பெண் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்."

இதற்கு முன்பெல்லாம் நான் "ஏரி மிகவும் அழகாக இருந்தது" என்றுதான் எழுதியிருப்பேன். கையும் வலிக்கவில்லை. பென்சிலைச் சுற்றித் துணி சுற்றித் தடிமனாக்கினேன், இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று. நேற்று ராத்திரி பத்து மணிக்கு அக்கா போன் செய்தாள். நான் எதுவும் கேட்கவில்லை, அவளாகவே சொன்னாள். "அந்தப் பையன் தனியா வரலைடி. தாத்தா கூட வந்தான். தாத்தா தீக்குச்சி கிழிச்சார், அப்பத்தான் அவன் கைதட்டினான். குச்சி அணைஞ்சதும் நிறுத்திட்டான்" என்றாள். தீக்குச்சி வெளிச்சம்! அந்த வெளிச்சத்தில் நான் சட்டையைப் பார்த்தேனோ என்னவோ. அதையும் இடது பக்கத்தில், "அக்கா சொன்னது" என்று தேதியோடு எழுதிவிட்டேன். எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தில் இன்னும் நாலு வரிக்கு இடம் வைத்திருக்கச் சொன்னாள், வேறு ஏதோ வருகிற மாதிரி இருக்கிறதாம்.

அக்காவுக்கும் ஒரு நோட்டு வாங்க வேண்டும். ஐயா, கோடு போட்டதா, கோடு இல்லாததா?


அளவுச்சங்கிலி:

கோடு போட்டதே வாங்குங்கள் அம்மா, கண் மங்கும்போது வரி தப்பாது. ஆனால் கோடுகளுக்கு நடுவில் இடைவெளி அகலமாக இருக்கட்டும். அட்டை கெட்டியாக இருந்தால் மடியில் வைத்தே எழுதலாம். நடுவில் தைத்த நோட்டா என்று பாருங்கள், பசை போட்டு மட்டும் ஒட்டியது நாளடைவில் கழன்றுவிடலாம். அக்கா நோட்டின் முதல் பக்கத்தில் அந்தத் தீக்குச்சியை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள்.